கேட்காமல் போட்ட கிரீஸ்

உலகத்தில் நடக்கிற சண்டை, விவாகரத்து, மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் என்று நம்பிய மனிதர் ஒருவர் எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் குடியிருந்தார். எங்கேயோ யாரோ கிரீஸ் போடாமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். போட்டுவிட்டால் உலகம் சத்தமில்லாமல் சுற்றும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ராயபுரத்தில் பாதிப் பேர் "ஓ, அந்த ஆளா" என்று பழைய வசவையெல்லாம் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை நைனா என்பார். என்னைவிட இருபது வயது பெரியவர் என்னை ஏன் நைனா என்று கூப்பிடவேண்டும் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் நாய்க்குட்டியும் நைனாதான்.

ஹார்பரில் கிரேன்களுக்குக் கிரீஸ் போடுகிற கேங்கில் அவருக்கு வேலை. காண்ட்ராக்ட் ஆள். காலையில் இரும்பு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஒரு மனிதன் நாள் முழுக்க ஒரு வேலையைச் செய்தால் வீட்டுக்கு வந்து அதை மறக்கத்தான் பார்ப்பான். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக்கூடத் தொடமாட்டார். இவர் அப்படியில்லை. வந்ததும் குளிப்பார், டீ குடிப்பார், பழைய பால்பவுடர் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். டப்பாவில் சொந்தக் காசில் வாங்கிய கிரீஸ். தடவுவதற்கு நுனியைத் தட்டையாக்கிய சைக்கிள் கம்பி. துடைப்பதற்குப் பழைய பனியன். எங்கள் தெருவில் மாலை நேரத்தில் பிள்ளைகள் டியூஷனுக்குப் போவார்கள், பெண்கள் தண்ணீர் லாரியிடம் போவார்கள், இவர் கீல்களைத் தேடிப் போவார்.

தூங்குகிற தாய்க்குப் பிள்ளை சிணுங்குவது கேட்பதுபோல, அவருக்கு நாலு வீடு தள்ளிக் கதவு கத்துவது கேட்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பார். "கேக்குதா?" என்பார். நமக்கு ஒரு மண்ணும் கேட்காது. அவர் எழுந்து போயிருப்பார்.

இதில் தப்பென்ன, நல்ல மனிதர்தானே என்று நினைப்பீர்கள். ஒரே ஒரு சின்னக் குறை. அவர் யாரையும் கேட்கமாட்டார். உங்கள் கேட், உங்கள் கதவு, உங்கள் ஜன்னல், உங்கள் கட்டில். நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா, இல்லையா, உங்களுக்குச் சம்மதமா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத தகவல்கள். ஒருமுறை நானே கேட்டேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்ன என்று. "கேட்டா வாணாம்னுவாங்க நைனா, அதான் கேக்கறதில்ல" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமான பதில். திருடனும் இதையேதான் சொல்வான்.

திருடன் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைசி பிளாக்கில் தரைத்தளத்தில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். அவர் வீட்டு இரும்பு கேட் திறந்தால் காசிமேட்டில் மீன்பிடிக்கிற போட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்த அம்மாளுக்கு அதுதான் காலிங் பெல், அதுதான் காவல்காரன். நம் ஆள் ஒரு மாலையில் போய் அதன் வாயை அடைத்துவிட்டு வந்தார். மறு வாரம் இரண்டு கோழியும் ஒரு பிரஷர் குக்கரும் காணவில்லை. அந்த அம்மாள் படியில் நின்று இவருடைய மூன்று தலைமுறையையும் விசாரித்தார். இவர் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கேட்டு கத்துச்சா? கத்தல இல்ல? அப்பறம் இன்னா?"

அதுதான் அவர் எப்போதும் கேட்கிற கேள்வி. விளைவு என்ன ஆனால் என்ன, கிரீஸ் வேலை செய்ததா இல்லையா, அதைச் சொல். குக்கர் போனது வேறு இலாகா.

மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடிவந்தது. இரும்புக் கட்டில். வீட்டுக்கு நேர் கீழே நம் ஆள். நான்காவது நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு டப்பாவும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்து, மாமியார், நாத்தனார், பார்க்க வந்திருந்த சித்தப்பா எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நின்று, கட்டில் ரொம்பக் கத்துகிறது, கீழே வரைக்கும் கேட்கிறது, ஐந்து நிமிஷ வேலை என்று சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய்ச் செய்தும் முடித்திருக்கிறார். பெண் அன்று சாயங்காலமே கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போனவள் ஒரு வாரம் திரும்பவில்லை. இவர் மட்டும் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது சத்தமே இல்லை என்று. ஆள் இருந்தால்தானே சத்தம் வரும்.

எங்கள் மாதா கோயிலையும் விட்டுவைக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் சொல்கிற கூண்டில் முழந்தாள் போடுகிற பலகை கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உள்ளே இருக்கிற வயதான பாதர் ஆள் வந்துவிட்டது என்று கண்ணைத் திறப்பார். பலகை ஊமையானபின் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிழவி ஒருத்தி தன் பாவங்கள் மொத்தத்தையும் தூங்குகிற மனிதரிடம் சொல்லி முடித்துவிட்டு, இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் தட்டி எழுப்பினாள். முதலிலிருந்து சொல்லம்மா என்றாராம் பாதர். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

நம் ஆளின் மனைவி பாவம், இதைப் பற்றி ஒரே ஒரு புகார்தான் வைத்திருந்தார். "என் வூட்ல பூனை வந்தாலும் தெரியாது, இந்த மனுசன் வந்தாலும் தெரியாது" என்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு ரயில்வே லைனை ஒட்டி ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. எங்கள் கோயிலில் ஞானஸ்நானம், கல்யாணம், திருவிழாத் தேர், புதுநன்மை என்று எது நடந்தாலும் நான்தான் படம் எடுப்பேன். மற்ற வேலையெல்லாம் ஊறுகாய், கோயில் வேலைதான் சோறு. அது கைவிட்டுப் போனால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கவேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், திருவொற்றியூரிலிருந்து என் இடத்தின் மேல் கண் வைத்திருந்த இன்னொரு ஸ்டுடியோக்காரனுக்கும் தெரியும்.

என்னிடம் ஒரு பழைய லென்ஸ் இருந்தது. என் அப்பா காலத்துக் கேமராவுக்குச் செய்தது. இடையில் ஓர் இணைப்புத் துண்டு போட்டு என் புதுக் கேமராவில் மாட்டியிருந்தேன். தானாக ஃபோகஸ் செய்யாது, கையால் வளையத்தைத் திருப்பவேண்டும். இப்படிப்பட்ட லென்ஸ் வைத்திருக்கிறவனுக்கு ஒரு தலைக்கனம் உண்டு. பட்டனை அமுக்கினால் எல்லாம் தானாக நடக்கிற லென்ஸ்காரர்கள் கூலியாட்கள், கையால் திருப்புகிற நான் கலைஞன். அந்த லென்ஸில் முகங்கள் மெலிதாக ஒளிவிடும். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் என் மனைவி அரிசி கழுவப் போய்விடுவாள்.

ஒரே சங்கடம், வளையம் திரும்பாது. உள்ளே திருகு மரையில் இருந்த பழைய கிரீஸ் கடல் காற்றிலும் எண்ணூர்ப் பக்கத்துத் தூசியிலும் காய்ந்து பிசின் ஆகிவிட்டிருந்தது. பலம் கொடுத்துத் திருப்பினால் லென்ஸே கழன்று கையோடு வந்துவிடும். மணப்பெண் சிரிக்க ஆரம்பித்து, நான் ஃபோகஸ் முடிப்பதற்குள் அவள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருப்பாள். இதைச் சரிசெய்யும் வீடியோக்களை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு வெளிநாட்டுக்காரன் கட்டைவிரல் அளவு டியூபிலிருந்து ஏதோ விசேஷமான கிரீஸை எடுத்து ஊசிமுனையால் தடவுவான். சாதாரண கிரீஸைக் கனவிலும் நினைக்காதீர்கள் என்பான். நானும் அந்த டியூபை வாங்கிவிடலாம், வாங்கிவிடலாம் என்று இருந்தேன். கலைஞர்கள் அப்படித்தான்.

ஒரு நாள் நம் ஆள் ஏதோ பாஸ்போர்ட் போட்டோவுக்காக வந்தார். நான் லென்ஸோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா நைனா, முக்கிக்கினு கீற?"

பெரிதாக ஒன்றுமில்லை, கிரீஸ் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். யாரிடம் எந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கரண்ட் போய் வந்து, கூட்டம் குறைந்து, நான் திரும்பி வருவதற்குள் என் லென்ஸ் தினத்தாள் மேல் இருபது துண்டாகக் கிடந்தது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கிண்டலுக்கு நடுவிலும் நியாயம் இருக்கவேண்டும் அல்லவா. அந்த மனிதர் அவிழ்த்த விதத்தில் ஒரு குறை சொல்லமுடியாது. ஸ்க்ரூக்களை எடுத்த வரிசைப்படியே வைத்திருந்தார். இப்படிப்பட்ட லென்ஸின் மரையைக் கழற்றும்போது எந்த இடத்தில் அது விடுபடுகிறதோ அங்கே குறி வைக்காவிட்டால், திரும்பப் போடும்போது பல் தப்பி, தூரத்தில் இருப்பது எதுவும் ஜென்மத்துக்கும் தெளியாது. வெளிநாட்டுக்காரன் இதைச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டான். இவர் என் மேக்கப் பெட்டியிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து இரண்டு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். பெட்ரோலால் மரையைத் துடைத்து, பல் பல்லாகப் பளபளவென்று ஆக்கியிருந்தார்.

அப்புறம் டப்பாவைத் திறந்தார். அண்ணே, இதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"நாப்பது டன்னு தூக்கற கிரேனுக்குப் போட்ற கிரீஸு நைனா இது. இந்த உள்ளங்கை கண்ணாடி தாங்காதா?"

கெட்டியாக இருக்கிறதே என்று தையல் மெஷின் ஆயிலில் நாலு சொட்டுக் கலந்தார். குழைத்தார். தடவினார். பூட்டினார். நான் தடுத்திருக்கலாம். ஆனால் எனக்கும் வளையம் திரும்பவேண்டும், டியூப் வாங்கவும் சோம்பல். பூட்டி முடித்து என் கையில் கொடுத்தார். ஒற்றை விரலால் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மாதம் பார்க்கிறவனிடமெல்லாம் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

மே மாதம் புதுநன்மை வந்தது. பூசையில் பாதர் கொடுக்கிற அப்பத்தை, அதாவது நன்மையை, முதல் தடவையாக வாங்குகிற பிள்ளைகள், நாற்பத்திரண்டு பேர், வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி, கோயில் படிக்கட்டில் ஆறு வரிசை. இந்தப் படம் அத்தனை வீட்டிலும் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டப்படும். பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, அதற்குப் பிள்ளை பிறந்தாலும் அது அங்கேயே இருக்கும். இதற்குப் போய் என் கலைஞன் லென்ஸைத்தான் எடுத்துப் போனேன். பூசை முடிகிறவரைக்கும் அது வண்டிப் பெட்டியில் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. முப்பது படம் எடுத்தேன். வெயிலில் கேமராத் திரை சரியாகத் தெரியவில்லை என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முன்வரிசையில் எட்டுப் பிள்ளைகள். பின்னால் முப்பத்துநாலு சம்மனசுகள், தேவதூதர்கள், இறக்கை மட்டும்தான் இல்லை. அவர்கள் ஏற்கெனவே மோட்சத்துக்குப் பாதி வழி போயிருந்தார்கள். முகமே இல்லை. மொத்தப் படத்துக்கும் மேலே சாம்பிராணிப் புகை போட்டாற்போல ஒரு மூட்டம்.

லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள் உண்டு. அவை சேர்ந்து துளையைச் சிறிதாக்கினால்தான் முன்வரிசை, பின்வரிசை எல்லாம் ஒன்றாகத் தெளியும். வெயிலில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வழிந்து தகடுகளை ஒட்டவைத்துவிட்டது. நான் வெளியே துளைக்கான வளையத்தைத் திருப்பினேன், உள்ளே துளை அகலமாகத் திறந்தபடியே நின்றது. மிச்ச எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மத்தி மீன் பொரித்த சட்டி மாதிரி மினுக்கியது.

இரண்டு மாடி ஒரே மூச்சில் ஏறினேன். அவர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் என்னென்ன கத்தினேன் என்று முழுசாக எழுதமுடியாது, கடைசியில் கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது: "உன்ன யாருய்யா கேட்டா?"

இந்தக் கேள்வியை இருபது வருஷமாக அந்த பிளாக்கே அடிவயிற்றில் வைத்திருந்தது. எல்லாக் கதவும் திறந்தது, சத்தமில்லாமல். எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். கோழி பறிகொடுத்த அம்மாள் கடைசி பிளாக்கிலிருந்து ஓடிவந்து எதிர் பிளாக் மாடிப்படியில் நின்று திருப்தியாகப் பார்த்தார்.

"வளையம் சுத்துதா இல்லியா? அத்த சொல்லு" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

நான் லென்ஸை அவர் கையில் திணித்தேன். எழுந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே திருப்பினார், உள்ளே தகடுகள் அசையவில்லை. மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவையும் திருப்பினார். இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தாய்மார்கள் பிரேமை வாங்க வருவார்கள். திருவொற்றியூர்க்காரன் அதற்குள் கோயில் காரியங்களைக் கவனிக்கிற உபதேசியாரைப் பார்த்துப் பேசிவிட்டதாகக் கேள்வி. நாலாவது நாள் பங்குப் பாதர் கூப்பிட்டனுப்பினார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

பாதர் சிரித்தார். உங்கள் பிளாக்கிலிருந்து ஓர் ஆள் வந்தார் என்றார். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டுக் கடைசியாக இங்கே வந்தாராம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு விவரமாக யாரும் என்னிடம் பாவத்தை அறிக்கையிட்டதில்லை, எந்த மரை, எந்தத் தகடு, எத்தனை சொட்டு ஆயில் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார் என்றார். அப்புறம் கேட்டார்: "ஒங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்றாரு. அப்படித்தானே?"

"ஆமா ஃபாதர்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை மறுபடி உடுத்திக் கூட்டிவரச் சொல்லி பாதரே பூசையில் அறிவித்தார். வேலை என்னிடமே தங்கியது. இதையும் அந்த மனிதர் என்னைக் கேட்காமல்தான் செய்திருந்தார்.

காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் அம்மா, அவள் பெண்ணும் அந்தப் படத்தில் இருந்தவள்தான், பிற்பாடு எனக்குச் சொன்னாள். "வந்து வாசல்லயே நின்னாரு. போட்டோக்காரன் மேல தப்பில்லமா, நான் போட்ட கிரீஸுமா, அவன வுட்றாதீங்கன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம், நல்லா கேட்டு வுட்டேன். தலய குனிஞ்சிக்கினு நின்னாரு." அப்போது காற்றில் அவள் வீட்டுக் கதவு ஆடிக் கத்தியதாம். அவர் அந்தக் கீலைப் பார்த்தாராம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டாராம். நாற்பத்திரண்டு வாசலில் இதுபோல எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஜனம் கேட்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் குறை வைக்காது.

மறுபடி எடுத்த படம் தெளிவாக வந்தது, தானாக ஃபோகஸ் செய்கிற கூலியாள் லென்ஸில். இடைப்பட்ட நாளில் ஒரு பையன் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், மொட்டைத் தலையில் பூமுடி நிற்காமல் காதில் தொங்கியது. இன்னொரு பெண்ணுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினார்கள்.

அதற்குப்பின் அவர் டப்பாவை எடுக்கவில்லை. வேலையிலிருந்து வருவார், குளிப்பார், டீ குடிப்பார், படியில் உட்காருவார். மழைக்காலம் வந்ததும் ஒவ்வொரு கதவாகக் கத்த ஆரம்பித்தது. கடைசி பிளாக் கேட் பழையபடி போட்டுக்காரனைத் திரும்பிப் பார்க்கவைத்தது. என் ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கினால் பன்றியை அறுப்பதுபோல இருந்தது. ஆள் திருந்திவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் அவரை வந்து போடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன், வருவேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கேமராத் திரை தெரியவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். மூன்றாவது படம் எடுத்தபிறகு கோயில் கதவு நிழலில் ஒதுங்கி நின்று பார்த்தேன். மூட்டம் தெரிந்தது. வெள்ளை உடுப்பைச் சுற்றி வழக்கத்தைவிட அதிகமாக ஒளி வழிந்தது. ஆகா, தேவலோகமாக இருக்கிறதே, என் லென்ஸ் அல்லவா என்று நினைத்தேன். பெரிதாக்கி, பின்வரிசை தெளிந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்து விநாடி ஆகியிருக்கும். இன்னொரு லென்ஸ் பையிலேயே இருந்தது. பார்க்கவில்லை. பாதர் கேட்டபோது ஆமாம் என்றேன். அந்த ஆமாம் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

கடைசியில் அந்த டியூபை வாங்கினேன். ஒரு ஞாயிறு மத்தியானம் லென்ஸையும் டியூபையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். அவர் பாயிலிருந்து எழுந்து வந்தார். அண்ணே, இதைப் பிரித்துத் துடைத்து இந்த கிரீஸைப் போட்டுக் கொடுங்கள் என்று நீட்டினேன். கை நீளவில்லை. லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தொடலாமா நைனா?" என்றார்.

யார் கதவையும் தட்டாமல் திறந்த மனிதர். அடுத்தவன் கட்டிலுக்கே கிரீஸ் போட்ட மனிதர். என்னால் தாங்கமுடியவில்லை. அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிழலில் நின்று பார்த்தது, மூட்டம் தெரிந்தது, பையில் வேறு லென்ஸ் இருந்தது, பாதரிடம் ஆமாம் என்றது எல்லாம்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் நைனா" என்றார். "முப்பது தபா அமுக்கிக் கீற. ஒரு தபா கூடவா பாத்திருக்க மாட்ட?"

தெரிந்துமா நாற்பத்திரண்டு வீட்டு வாசலில் போய் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"என் சட்ட முழுக்கக் கறை. இன்னொரு சொட்டு வுழுந்தா யாருக்குத் தெரியப்போது? உனுக்கு அது சோறு."

லென்ஸை வாங்கிக்கொண்டார். டியூபின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதுக்குப் பேரு கிரீஸா?" என்றார் மனைவியிடம். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். இந்த முறை தகடுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தார்.

பாதரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். பாதர் மாற்றலாகிப் போனார். அண்ணனும் மகள் வீட்டோடு மீஞ்சூர் போய்விட்டார். இருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு போன் செய்தேன், லென்ஸ் சுத்துதா என்று கேட்டார். சுற்றுகிறது என்றேன். வேறு எதுவும் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து வருஷம் ஆகப்போகிறது. அந்த நாற்பத்திரண்டு வீட்டிலும் இன்றைக்கும் அவர்தான் பிள்ளைகளின் போட்டோவைக் கெடுத்த ஆள். கோயிலுக்குப் படம் எடுக்கிறவன் இன்றைக்கும் நான்தான்.